தேனீக்களுக்கு மல்பெரி இலை

மார்ச் 16, 2020

நாளையிலிருந்து கல்லூரி கிடையாதாம். மாதக் கடைசி வரைக்கும் விடுமுறை. சுற்றறிக்கை வந்த கால் மணி நேரத்தில் என் கவுண்டர் முன்னால் கோயில் கொடைக்கு நிற்கிற மாதிரி கூட்டம்.

நூலகத்தில் என் பொறுப்பு ரிசர்வ் பிரிவு. இந்தப் பாடத்துக்கு இந்தப் புத்தகம் என்று ஆசிரியர்கள் ஒதுக்கிவைத்ததெல்லாம் என் அலமாரியில் இருக்கும். பகலில் இரண்டு மணி நேரம், ஹாலிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மறுநாள் காலை ஒன்பதரைக்குள் திரும்பி வந்தாக வேண்டும். அதற்கு ஓவர்நைட் என்று பெயர். ஒன்பதரையைத் தாண்டினால் அந்த செமஸ்டர் முழுக்க என் பக்கம் வரவே வேண்டாம். பிள்ளைகள் எனக்கு 'ஒன்பதரை மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். நான் வந்ததிலிருந்து ஒரு ஓவர்நைட் புத்தகம்கூடத் தொலைந்தது கிடையாது.

இன்றைக்கு யாருக்கும் ஓவர்நைட் இல்லை என்று சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். விலங்கியல் மூன்றாம் ஆண்டு, தமிழ் வழி, பேச்சியம்மாள். விடுதிப் பிள்ளை.

"காலைல பஸ் ஏறுததுக்கு முன்னாடி குடுத்துட்டுப் போயிருதேன் மேடம். சத்தியமா."

கேட்டது பொருளாதார விலங்கியல். தேனீ, பட்டுப்புழு, மீன், கோழி எல்லாம் அதில்தான். தமிழில் அது ஒன்றுதான் உண்டு, அதுவும் இப்போது அச்சில் இல்லை. எங்களிடம் இரண்டே பிரதி. ஒன்று போனால் ஒன்று இருக்கிறதே என்று கொடுத்துவிட்டேன்.

மார்ச் 17

பேச்சியம்மாள் வரவில்லை. விடுதியை நேற்றே காலி செய்துவிட்டார்களாம். வரும்.

மார்ச் 23

சங்கரநாராயணன் சார் போன் செய்தார். விலங்கியல் துறைத் தலைவர். குரலில் அவசரம்.

"லீதியாள், லாக்டவுன்னு பேசிக்கிறாங்க. பசங்களுக்கு ரெண்டு யூனிட் பாக்கி கிடக்கு. உங்க ரிசர்வ் புக்க எல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. போட்டோ புடிச்சு அனுப்பிக்கலாம்."

ரிசர்வ் புத்தகம் கேட்டைத் தாண்டிப் போவதற்கு முதல்வர் கையெழுத்து வேண்டும். வாங்கினேன். இவர் ஸ்கூட்டரில் இரண்டு நடை. அரிசிச் சாக்கில் கட்டி வைத்ததைப் பார்த்து வாட்ச்மேன் கேட்டார், "என்னம்மா, ரேஷனா?" ஒரு வகையில் ரேஷன்தான்.

இவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரர் செல்வினை. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணமே இல்லாத பங்குனி என்று ஏற்கெனவே முகம் தொங்கிக் கிடந்தது, இப்போது கடையையும் அடைத்தாயிற்று.

ஏப்ரல் 3

புத்தகத்தைப் படம் பிடிப்பது இத்தனை கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நூலகப் படிப்பே படித்திருக்க மாட்டேன். ஜன்னலோரம் சாப்பாட்டு மேஜை. இடது கையால் புத்தகத்தை அமுக்க வேண்டும், வலது கையால் போன். வெயில் வந்தால் பக்கம் பளபளக்கிறது, மேகம் வந்தால் எழுத்து மங்குகிறது.

இவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பின்னால் நின்று குறை சொல்வது.

"ஏட்டி, பெருவிரல் விழுது பாரு. விரல எடுத்துட்டு எடு."

"விரல எடுத்தா புஸ்தகம் மூடிக்கிடும்ங்க."

"பக்கத்து நம்பர் தெரியல."

"நம்பரையா படிக்கப் போகுதுங்க?"

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு போட்டிருக்கிறேன். பிள்ளைகள், அவர்களுடைய ஆசிரியர், நான்.

ஏப்ரல் 11

வரலாறு முடிந்தது. வணிகவியல் பாதி. பிள்ளைகள் நன்றி மேடம், நன்றி மேடம் என்று கைகூப்பிய படமாக அனுப்புகிறார்கள். ஒரு வால், "உங்க பெருவிரல் நகத்துல மருதாணி சூப்பர் மேடம்" என்று போட்டிருக்கிறது. திட்டலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்னொன்று. இத்தனை வருஷம் இந்தப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்து வாங்கி அடுக்கியிருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை. இப்போது பக்கம் பக்கமாகத் திருப்பும்போது கண் தன்னால் ஓடுகிறது. சோழர் காலத்தில் ஏரிக்குத் தனி வாரியம் இருந்திருக்கிறது. யாருக்குத் தெரியும்!

ஏப்ரல் 21

பொருளாதார விலங்கியல், தேனீயும் பட்டுப்புழுவும். இன்றைக்கே முடித்துவிட்டேன். தை மாதம் பைண்டிங்குக்குப் போய் வந்த பிரதி. அந்த ஆள் பசையை அள்ளிப் பூசியிருக்கிறான், நடுவில் ஒரு தாள் அட்டை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. தேனீ பற்றி நாலு வரி படித்தேன், சுவாரசியமாக இருந்தது. அதற்குள் குக்கர் விசில்.

ஏப்ரல் 24

விலங்கியல் குழுவில் இருக்கும் ஒரு பையன், மாடசாமி, எனக்குத் தனியாக எழுதியிருக்கிறான். பட்டுப்புழு பாடத்துக்குத் தொடக்கமே இல்லையாம். நடுவில் ஏதோ விட்ட மாதிரி இருக்கிறதாம். இவன்களுக்கு மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காது, பாதி இறங்கி பாதி இறங்காமல் கிடக்கும், பழி நம் மேல். உன் நெட்வொர்க்கைச் சரிபார், திரும்ப டவுன்லோட் செய், அனுப்பியதை ஒழுங்காகப் படி என்று பதில் போட்டேன். இடம் கொடுத்தால் அப்புறம் நாளெல்லாம் இதே வேலையாகிவிடும்.

சரி மேடம் என்று எழுதினான்.

மே 19

மாவு, புளி, முகக்கவசம். இந்த மூன்றுக்கும் அலைந்ததில் ஒரு மாதம் எழுதவில்லை.

ஜூன் 15

பேச்சியம்மாளைப் போனில் பிடித்தேன். ஓவர்நைட் புத்தகம் மூன்று மாதமாக ஓவர்நைட்டிலேயே இருக்கிறது.

"அன்னைக்கே கேட் பக்கத்துல இருக்க பெட்டில போட்டுட்டேனே மேடம்."

கேட் பக்கத்துப் பெட்டி காலேஜ் ஆரம்பித்த காலத்திலிருந்து ஆலோசனைப் பெட்டி. அதன் வாயில் ஒரு போஸ்ட்கார்டு நுழைவதே கஷ்டம். சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஆடு கத்துகிற சத்தம், யாரோ அந்தப் பிள்ளையைத் தண்ணிக்குப் போகச் சொல்லித் திட்டுகிற சத்தம். வைத்துவிட்டேன்.

ஜூலை 8

ரிசர்வ் இருப்பு விவரம் கேட்டு முதல்வர் அலுவலகத்திலிருந்து மெயில். எல்லாப் புத்தகமும் உள்ளே என்று அனுப்பிவிட்டேன். வந்துவிடும், எப்படியும் வந்துவிடும்.

செப்டம்பர் 22

கடைசி வருஷப் பிள்ளைகளுக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதி, படம் பிடித்து அனுப்ப வேண்டும். இப்போது அவர்கள் விரல் விழும், சார்மார் பார்ப்பார்கள்.

அக்டோபர் 6

நூலகம் திறந்து பத்து நாள் ஆகிறது. மாணவர்கள் இல்லை, நாங்கள் மட்டும். புத்தகங்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். சங்கரநாராயணன் சார் உள்ளே வந்து நாற்காலியில் விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"தேனீ தன் குஞ்சுகள எப்படி வளக்குதுன்னு ஒரு கேள்வி. பத்து மார்க். நாப்பது பேரு என்ன எழுதியிருக்கான் தெரியுமா? வேலைக்காரத் தேனீ மல்பெரி இலைய பொடியா நறுக்கி ஒரு நாளைக்கு நாலு வாட்டி குடுக்குமாம்! ஒருத்தன் படமே போட்டிருக்கான், தேனீ கால்ல இலையோட."

நானும் சிரித்தேன். மல்பெரி இலை பட்டுப்புழுவுக்கு என்பது எனக்கே தெரியும்.

"சிரிக்காதீங்க. நாப்பது பேரும் ஒரே தப்ப ஒரே மாதிரி எழுதுனா அதுக்குப் பேரு காப்பி. எல்லார் ரிசல்ட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன்."

"எல்லாருமா சார்?"

"ஒரே ஒரு பிள்ள ஒழுங்கா எழுதியிருக்கா. பேச்சியம்மா."

அக்டோபர் 7

தேனீ இலை நறுக்குவது மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. ஒருத்தன் உளறுவான். இரண்டு பேர் உளறுவான்கள். நாற்பது பேர் எப்படி ஒரே உளறலாக உளறுவார்கள்? சரியான விடையைக் காப்பி அடிக்கலாம், அதில் ஒரு புத்தி இருக்கிறது. இவ்வளவு பெரிய தப்பை முதலில் எவன் கண்டுபிடித்தான்?

ஒருவேளை உண்மையிலேயே அப்படி ஒரு தேனீ எங்காவது இருக்கிறதோ என்றும் ஒரு சந்தேகம். மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் இவருடைய சிநேகிதருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"எல போட்டு வளக்கதுக்கு அது என்ன ஆடா சிஸ்டர்?"

பகலில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் தேன்கூட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 9

ஆள் கிடைத்துவிட்டானாம். மாடசாமி. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அந்த இரண்டு பாடத்தையும் போனிலேயே டைப் அடித்து வகுப்பில் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். படமாக அனுப்பினால் பாதிப் பேருக்கு இறங்கவில்லை, எழுத்தாக அனுப்பினால் இறங்கும் என்பதற்காக. எல்லாரும் அதைத்தான் படித்திருக்கிறார்கள்.

சார் அவனைப் போனில் பிடித்து, தப்புத்தப்பாக நோட்ஸ் தயாரித்துப் பரப்பினாய் என்று சத்தம் போட்டிருக்கிறார். அவன், 'புக்குல உள்ளதத்தான் சார் அடிச்சேன்' என்று மட்டும் சொன்னானாம்.

வனத்துறை வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகியிருக்கிறான் என்று இவர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அவன் அப்பா இவர் கடைக்குப் பக்கத்தில் சுமை தூக்குகிறவர். அடுத்த மாதம் சான்றிதழ் பார்க்கிறார்களாம். கல்லூரியிலிருந்து ரிசல்ட்டும் நடத்தைச் சான்றிதழும் இல்லாமல் போனால் அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

புத்தகத்தில் உள்ளதைத்தான் அடித்தானா? எந்தப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது?

அக்டோபர் 12

பேச்சியம்மாளை வரச்சொல்லியிருந்தேன். தனியாகப் பேருந்து ஏறி வந்திருந்தது. வெயிலில் கறுத்து, மார்ச்சில் பார்த்த பிள்ளை மாதிரியே இல்லை.

"தேனீ கேள்விக்கு நீ மட்டும் சரியா எழுதியிருக்கியாம். எதப் பாத்துப் படிச்ச?"

துப்பட்டா நுனியைச் சுருட்டியது, அவிழ்த்தது, சுருட்டியது.

"மேடம், எங்கிட்ட பட்டன் போனுதான். பாடமெல்லாம் போட்டாவா வந்துச்சுன்னு பிள்ளையளு சொன்னாளுவ. எனக்கு எதுல பாக்கதுக்கு? பரீட்சத்தாளக்கூட அடுத்த வீட்டு போன்லதான் படம் புடிச்சு அனுப்புனேன்." பையைத் திறந்து துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தது. "நீங்க கேட்டீக. குடுத்துட்டா படிக்க ஒண்ணுமில்லாமப் போயிருமேன்னு பொய் சொல்லிட்டேன். ஒம்பதரை தாண்டிட்டு மேடம்."

ஒன்பதரை தாண்டி ஏழு மாதம். திட்டுவதற்கென்று நான் சேர்த்துவைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. ஒரு மூலைகூட மடங்கவில்லை.

"தண்ணி குடிச்சியா?" என்றுதான் கேட்க வந்தது. ஆசிரியர்களுக்கென்று வைத்திருக்கும் டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். இருப்பு விவரத்தில் எல்லாம் உள்ளே என்று எழுதியது இன்றைக்குத்தான் உண்மையாயிற்று.

அக்டோபர் 13

இரண்டு பிரதியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பினேன். ஒரே புத்தகம், ஒரே அச்சு. தேனீ பாடத்தில் 131-ஆம் பக்கம் வரை இரண்டும் சேர்ந்து வந்தன. அடுத்த திருப்பலில் பேச்சியம்மாள் பிரதியில் 132. என் பிரதியில் 136.

அந்த விறைத்த தாள் ஒரு தாள் இல்லை. மூன்று தாள். ஓரம் முழுக்கப் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே நாலு பக்கம் மூடிப்போய்விட்டது. தேனீயின் பாதியும், பட்டுப்புழுவின் தொடக்கமும், பாடத் தலைப்பும் அதற்குள்.

131-இன் கடைசி வரி: 'முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்களுக்கு வேலைக்காரத் தேனீக்கள் முதல் மூன்று நாள்களும்'. 136-இன் முதல் வரி: 'பொடியாக நறுக்கிய இளம் மல்பெரி இலைகளை நாளொன்றுக்கு நான்கு முறை கொடுக்க வேண்டும்.'

சேர்த்துப் படித்தேன். எங்கேயும் தட்டவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இத்தனை பெரிய புதிர் இத்தனை சின்னதாக அவிழ்ந்ததில் ஒரு நிமிஷம் கை தட்டத் தோன்றியது.

பிறகு குழுவில் நான் அனுப்பிய படங்களைத் திறந்து பார்த்தேன். பக்க எண் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் என் பெருவிரல்.

போனில் இடமே இல்லை. வேண்டாத பழைய தனிச் செய்திகளையெல்லாம் உட்கார்ந்து அழித்தேன்.

அக்டோபர் 14

தலைவலி. போகவில்லை.

அக்டோபர் 16

முதல்வர் அறை. முதல்வர், சங்கரநாராயணன் சார், நான். நின்றுகொண்டு மாடசாமி. நெட்டையாக, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. இவனைக் கவுண்டரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பெயரோடு சேர்த்து இன்றுதான் பார்க்கிறேன்.

இரண்டு புத்தகத்தையும் மேஜையில் வைத்தேன். பைண்டிங் பசையில் தாள் ஒட்டியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, பிள்ளைகள் கையில் கிடைத்தது இப்படித்தான் கிடைத்தது என்று சொன்னேன். முதல்வர் ஸ்கேல் நுனியை விட்டு மெதுவாக நெம்பினார். சரசரவென்று பிரிந்தது. உள்ளே நாலு பக்கம், புத்தம் புதிதாக. அவரே சத்தமாகப் படித்தார்: முதல் மூன்று நாளும் ராயல் ஜெல்லி, பிறகு தேனும் மகரந்தமும்.

"காப்பி இல்ல சார் இது. படிச்சிருக்காங்க. வரி விடாம படிச்சிருக்காங்க" என்றேன்.

"இன்னொரு பிரதி நல்லாத்தானே இருக்கு? அத எடுத்திருக்கலாமே?"

"ரெண்டும் எங்கிட்டதான் இருந்துச்சு சார். கைக்கு வந்தத எடுத்தேன்."

சங்கரநாராயணன் சார் முகம் இறுகியே இருந்தது. என் வாய் சும்மா இருக்காது.

"சார், நீங்க ஆன்லைன்ல இந்த யூனிட்ட நடத்தும்போது பிள்ளைங்க யாரும் கேக்கலையா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே புதிதாக என்ன முளைத்தது என்று பார்த்தார். முதல்வரும் அவரைப் பார்த்தார். நடத்தினால்தானே கேட்பதற்கு.

அப்புறம் முதல்வர் மாடசாமியிடம் திரும்பினார்.

"ஏம்ப்பா, டைப் அடிக்கும்போது தேனீ எங்கயாவது இலை நறுக்குமான்னு ஒனக்குத் தோணலையா? பாடத்துக்குத் தொடக்கம் இல்லையேன்னு யாருகிட்டயாவது கேட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு நீலப் பூ.

"கேக்கல சார்."

நாற்பது பேருக்கும் அந்தக் கேள்விக்குச் சராசரி மதிப்பெண், ரிசல்ட் வரும். ஆனால் சார் விடவில்லை. யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும்ல என்றார். யோசிக்காமல், யாரையும் கேட்காமல், வகுப்பு முழுக்கப் பரப்பினவன் என்று மாடசாமிக்கு நடத்தையில் 'நன்று' போட முடியாது, 'சுமார்' என்றுதான் போடுவேன் என்றார். முதல்வர் தலையாட்டினார்.

நாற்பது பேர் தப்பித்தார்கள். நல்லது. பெரிய காரியம்தான்.

அக்டோபர் 17

இவர் கேட்டார், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டுன்னு சொன்ன, அப்புறம் ஏன் சோத்த இப்படிப் பெசையுத?"

உப்பு இல்லை என்றேன். உப்பு இருந்தது.

அக்டோபர் 21

மாடசாமி நிலுவையில்லாச் சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்தான். நூலகத்தில் வேறு யாரும் இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பு நவம்பர் பத்தாம் தேதியாம். 'சுமார்' என்று இருந்தால் எடுப்பார்களா என்று கேட்டேன்.

"விசாரிச்சேன் மேடம். நடத்தை நன்றுன்னு இல்லன்னா எடுக்க மாட்டாங்கன்னுதான் சொல்லுதாங்க. பாப்போம்."

கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடினேன். திறந்தேன்.

"ஏப்ரல்ல எனக்கு ஒரு மெசேஜ் போட்டியே. அதையும் நான் போட்ட பதிலையும் அன்னைக்கு அந்த ரூம்ல காமிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல நீ வெளிய வந்திருப்ப. இன்னும் ஒன் போன்ல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"ஏன் காட்டல?"

அவனுக்கு என் மேல் பாசம், மரியாதை என்று ஏதாவது சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன். நீங்க பாவம் மேடம் என்று சொல்வான் என்று பயந்தேன்.

"என் தங்கச்சி இங்கதான் மேடம் சேந்திருக்கா. ஃபர்ஸ்ட் இயர், தமிழ் மீடியம்தான். காலேஜ் எப்பத் தெறப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? அதக் காட்டியிருந்தா, இனிமே நூலகத்துலேர்ந்து ஒண்ணும் அனுப்பக்கூடாதுன்னு சார் நிறுத்திப்புடுவாரு. வேற எந்த டிப்பார்ட்மெண்டும் எங்களுக்கு எதுவும் அனுப்பல. நீங்க ஒருத்தருதான் அனுப்புனீங்க."

சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாரேன் மேடம்" என்று போய்விட்டான்.

அக்டோபர் 22

13-ஆம் தேதி போனில் இடமில்லை என்று எழுதியிருக்கிறேன். இடம் இருந்தது. அழித்தது ஒரே ஒரு ஆளுடைய செய்தியைத்தான். இவ்வளவுதான் இன்றைக்கு எழுத முடிகிறது.

அக்டோபர் 23

காலையில் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். முதல்வரிடம் நேரில் போய்ச் சொல்லலாம். சொன்னால் அது அவர் அறையோடு நின்றுவிடும், மாடசாமி புரளிக்காரன் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்தபடியே இருக்கும். விலங்கியல் குழு இன்னும் இருக்கிறது. நாற்பத்தொரு பிள்ளைகளில் பேச்சியம்மாளைத் தவிர எல்லாரும் அதில் உண்டு, சங்கரநாராயணன் சார் உண்டு, ஆகஸ்டில் முதல்வரையும் நானே சேர்த்திருந்தேன், என் சேவையைப் பார்க்கட்டும் என்று.

நாலு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் போட்டது இது:

'பட்டுப்புழு பாடத்துக்குத் தொடக்கம் இல்லை, நடுவில் ஏதோ விட்டிருக்கிறது என்று ஏப்ரல் 24 அன்றே மாடசாமி எனக்கு எழுதினான். புத்தகத்தை எடுத்துப் பார்க்காமல், உன் நெட்வொர்க்தான் சரியில்லை, அனுப்பியதைப் படி என்று நான் பதில் போட்டேன். படித்தான். எல்லாருக்கும் டைப் அடித்தும் கொடுத்தான். விசாரணையில் யாரையும் கேட்கவில்லை என்று அவன் சொன்னது எனக்காகவும் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவும் சொன்ன பொய். தப்பு என்னுடையது. லீதியாள், ரிசர்வ் பிரிவு.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பினேன். அதற்குள் இருபது பேர் பார்த்திருந்தார்கள்.

அப்புறம் தனியாக ஒரு செய்தி வந்தது. மாடசாமி.

'மேடம் அத எடுத்துருங்க. எல்லாருக்கும் டெலீட்னு வரும் பாருங்க அத அமுக்குங்க. சார் இன்னும் பாத்திருக்க மாட்டாரு.'

மறுபடியும்: 'மேடம் சீக்கிரம்.'

பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சார் பார்த்துவிட்டார்.

நவம்பர் 4

மாடசாமிக்கு நடத்தை 'நன்று'. எனக்கு மெமோ. ஒரே கிளார்க்கிடம், ஒரே மேஜையில், ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அவன் தன்னுடையதைப் பார்க்காமல் என்னுடையதை எட்டிப் பார்த்தான்.

"என்ன போட்டிருக்கு மேடம்? அனுப்பக்கூடாதுன்னு போட்டிருக்கா?"

இரண்டு தடவை படித்தேன். கவனக்குறைவு என்று இருந்தது, விளக்கம் கேட்டிருந்தது, எச்சரிக்கை என்று இருந்தது. அனுப்பக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

"இல்ல" என்றேன். "ஒன் தங்கச்சி நம்பரச் சொல்லு."